பன்னிரண்டு சாணும் கொஞ்சமும்

எங்கள் வீட்டுச் சுவரை நாக்கால் தொட்டால் உப்புக் கரிக்கும். ஐப்பசி மழை இறங்குவதற்கு ஒரு நாள் முன்பே அந்தச் சுவர் வேர்க்கத் தொடங்கிவிடும். முதலில் ஆணித்தலைகளைச் சுற்றி, பிறகு மூலைகளில், பிறகு இரும்புத் தகடு முழுவதும் துரு நிறத்தில் பொடிப்பொடியாக நீர் பூத்து நிற்கும். வெளியே வானம் வெளுத்துக் கிடந்தாலும் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "சுவரு வேர்க்குது, கொடியில கெடக்க துணிய எடுட்டி" என்பாள். எடுத்து மடித்து வைப்பேன். சாயங்காலத்துக்குள் மழை வந்துவிடும்.

அந்த வீடு ஒரு சரக்கு ரயில் பெட்டி. திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் போகும் பாதையில், வாழைத்தோட்டங்கள் முடிந்து உப்பளங்கள் தொடங்குகிற இடத்தில், ரயில் ஒரு நிமிடம் நின்று போகும் ஒரு சின்ன ஸ்டேஷனில் அப்பா தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்தார். ஒரு மழையில் எங்கள் குவார்ட்டர்ஸின் கூரை சரிந்தது. ஊருக்குள் வாடகைக்குப் போகலாம் என்று அம்மா சொன்னாள். வேலைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும் என்று அப்பா சொன்னார். ஸ்டேஷன் ஓரத்தில், சக்கரங்களைக் கழற்றிவிட்டு மரக்கட்டைகளின் மேல் இறக்கி வைத்திருந்த ஒரு பழைய மீட்டர் கேஜ் வேகன் கிடந்தது. அதைப் பலகையால் இரண்டாகத் தடுத்து, ஒரு பாதியில் பாதை பராமரிக்கும் கேங்மேன்கள் தங்கள் கடப்பாறைகளையும் மண்வெட்டிகளையும் போட்டிருந்தார்கள். மறுபாதிக்கு நாங்கள் மூன்று பேரும் ஒரு டிரங்குப் பெட்டியும் ஸ்டவ்வும் போய்ச் சேர்ந்தோம். இரண்டு மாதம் என்று சொல்லிப் போனது, இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக நீண்டது.

அந்த வேகன் ஓடின காலமெல்லாம் உப்பு ஏற்றியது. இரும்பின் ஒவ்வொரு மடிப்பிலும் உப்பு ஏறியிருந்தது. காற்றில் ஈரம் கூடினால் அது இழுத்து வைத்துக்கொள்ளும். இதன் காரணத்தைப் பாலிடெக்னிக்கில் சேர்ந்த பிறகுதான் படித்தேன். அப்போது எனக்குத் தெரிந்ததெல்லாம், மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் தீக்குச்சி உரசினால் பற்றாது என்பதும், பள்ளிக்கூடத்தில் என் பெயர் "கூட்ஸு" என்பதும்தான். கேங்மேன் ஒருவர், பெரிய மீசைக்காரர், கடப்பாறை எடுக்க வரும்போதெல்லாம் அப்பாவிடம், "அண்ணாச்சி, ஒம்ம வீடு எப்பம் வே பொறப்படுது?" என்று கேட்பார். அப்பாவும் சளைக்காமல், "கார்டு இன்னும் வரல வே, வந்து கொடி காட்டுனா கெளம்பிர வேண்டியதுதான்" என்பார். அம்மா முதல் சில தடவை சிரித்தாள்.

இப்போது நான் ஒரு கம்பெனியில் இயந்திர உதிரிகளுக்கு வரைபடம் போடும் வேலை பார்க்கிறேன். மற்ற நேரத்தில் ரயில்களைச் சிறு அளவில் செய்கிறேன். எண்பத்தேழில் ஒரு பங்கு, தண்டவாள இடைவெளி பன்னிரண்டு மில்லிமீட்டர். எங்களைப் போன்றவர்களுக்கு இணையத்தில் ஒரு குழு இருக்கிறது. அதில் இருப்பவர்கள் பெரும்பாலும் எஞ்சின்தான் செய்வார்கள். எஞ்சினுக்குப் படம் உண்டு, புத்தகம் உண்டு, அதன் எண்ணைச் சொன்னால் எந்த ஊரில் எத்தனை வருடம் ஓடியது என்று சொல்ல ஆள் உண்டு. சரக்கு வேகனுக்கு அப்படி யாரும் இல்லை. கேமரா வைத்திருந்தவர்கள் எஞ்சின் கடந்ததும் கேமராவை இறக்கிவிட்டார்கள். பழைய படங்களில் எஞ்சினின் புகைக்குப் பின்னால் முதல் வேகனின் முன்பாதி தெரியும், அதோடு படம் முடிந்துவிடும். நான் அப்படிப்பட்ட முன்பாதிகளாக நூற்றுக்கும் மேல் சேர்த்து, கதவின் வகை, காற்றுத் துவாரத்தின் இடம், ஆணி வரிசை, கூரை வளைவு என்று அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன். எங்கள் வேகனைச் செய்ய வேண்டும் என்பதுதான் எண்ணம். அதன் எண் தார் பூசி மறைந்திருந்தது. அதற்குப் படம் கிடையாது. அகலப் பாதை போட வந்தபோது கேஸ் சுடரால் வெட்டி எடுத்துப் போய்விட்டார்கள். இருப்பது என்னுடைய நான்காம் வகுப்பு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கம் மட்டும்தான்.

அந்தப் பக்கத்தில் என் கையெழுத்தில் மூன்று வரிகள் உள்ளன. குறுக்கு, பன்னிரண்டு சாணும் கொஞ்சமும். உயரம், பதிமூன்று சாண், நடுவில் கூட. சாக்கு, ஒன்பது.

சாக்கு எதற்கென்றால், அம்மாவுக்கு இளைப்பு உண்டு. முதல் மழைக்காலத்தைச் சமாளித்துவிட்டாள். இரண்டாவது மழைக்காலத்தில் சுவர் ஈரம் அவள் நெஞ்சுக்குள் போய்விட்டது போல, மூச்சு இழுக்கும்போது உள்ளே ஏதோ தகரம் உரசுகிற சத்தம் கேட்டது. சுவரை ஒட்டித்தான் படுக்க வேண்டும், வேறு இடம் இல்லை. சுவர் முழுவதும் சாக்கு தைத்துத் தொங்கவிட்டால் ஈரம் மேலே படாது என்று அம்மா சொன்னாள். எத்தனை சாக்கு வேண்டும் என்று பார்க்கச் சுவர்களை அளந்தோம். டேப் இல்லை, கையால் சாண் போட்டு அளந்தது. அம்மா ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே போனதும், இடையில் மூச்சுக்காக நிறுத்தி மறுபடி விட்ட எண்ணிலிருந்து தொடங்கியதும், கடைசியில் "அந்தக் கொஞ்சத்தையும் எழுதிக்கிடு, விட்டுராத" என்றதும் எனக்கு இன்றும் காதில் இருக்கிறது.

அப்பா மறுநாளே ஒன்பது சாக்கு கொண்டுவந்தார். உப்பளத்தில் கேட்டால் பழைய சாக்கைச் சும்மா கொடுப்பார்கள். அந்தப் பக்கத்தில் எந்த வீட்டிலும் சாக்கு என்றால் உப்புச் சாக்குதான், அதில் யோசிக்க எதுவும் இருப்பதாக எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அம்மா படுத்தபடியே நாலைந்தைத் தைத்தாள், மீதியை அப்பா தைத்தார். இரண்டு நாள் வீடு கதகதப்பாக இருந்தது. மூன்றாம் நாள் மழை பிடித்ததும் சுவர் குடித்த ஈரத்தைப் போலப் பல மடங்கு ஈரத்தை அந்தச் சாக்குகள் குடித்து, கனத்து, அடியிலிருந்து சொட்டத் தொடங்கின. அவிழ்த்துப் போடலாம் என்றால் அம்மா, "இருக்கட்டும், வெயிலடிச்சா காஞ்சிரும்" என்றாள். வெயில் அடிக்கவில்லை. கார்த்திகை பிறக்கும் முன் அவளைப் பாளையங்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். காலை ரயிலில் போனாள். திரும்பி வரவில்லை. அடக்கம் முடிந்து நாங்கள் வந்து பார்த்தபோதும் சாக்குகள் காயாமல்தான் தொங்கின.

அம்மாவுக்கு ஒரே ஒரு புகைப்படம் உண்டு, கல்யாணப் படம். அதில் அவளுடைய கைகள் பூச்செண்டுக்குள் மறைந்திருக்கின்றன. அவள் கை எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்த்தால் எனக்கு நெற்றியில் அவள் தேய்த்த தைலத்தின் எரிச்சல் நினைவு வருகிறது, கை வருவதில்லை. அதனால்தான் அந்த மூன்று வரிகள் எனக்கு அவ்வளவு முக்கியமாயின. வேகனின் உண்மையான அகலம் தெரிந்தால், "கொஞ்சத்தை" கால் சாண் என்று வைத்துப் பன்னிரண்டே காலால் வகுத்தால் போதும், அம்மாவின் கட்டைவிரல் நுனியிலிருந்து சுண்டுவிரல் நுனி வரை எத்தனை சென்டிமீட்டர் என்று வந்துவிடும். குழுவில் உள்ளவர்களிடம் நான் வேகனைத் தேடுவதாகச் சொல்லியிருந்தேன். நான் தேடியது அந்த எண்ணை.

நான்கு வருடம் ஆனது. மதுரையில் ஓய்வுபெற்ற ஒருவர் தன்னிடமிருந்த பழைய வரைபடங்களைப் பிரதி எடுத்து அனுப்பினார். என் நினைவில் இருந்த கதவுக்கும் ஆணி வரிசைக்கும் இரண்டு வகைகள் பொருந்தின: ஒன்று மிகப் பழைய சின்ன வகை, மற்றொன்று பிறகு வந்த பெரிய வகை. பலகைத் தடுப்பால் நீளம் என் கணக்கில் இல்லை. குறுக்குக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது, "கொஞ்சம்" என்பதை எவ்வளவு என்று வைத்துக்கொள்வது என்பதைப் பொறுத்து இரண்டுமே சரியாக வந்தன. வகுத்துப் பார்த்தேன். பெரிய வகை என்றால் சாண் பத்தொன்பது சென்டிமீட்டர். சின்ன வகை என்றால் பதினாறுக்கும் குறைவு. வளர்ந்த ஒரு பெண்ணின் கை அவ்வளவு சிறிதாக இருக்காது என்று சின்ன வகையை நீக்கினேன். பத்தொன்பது என்று ஒரு தாளில் எழுதி, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து, அந்த நீளத்துக்கு ஒரு கோடு போட்டு, அதன் மேல் என் கையை வைத்துப் பார்த்தேன். என்னுடையதைவிட அரை விரற்கடை கூடுதல். அன்றைக்கு அலுவலகத்தில் எல்லோரிடமும் நன்றாகப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

தகடு வெட்டுவதற்கு முன் முழு அளவில் ஒருமுறை தரையில் வரைந்து பார்ப்பது என் வழக்கம். பாளையங்கோட்டையில் நாங்கள் இப்போது இருக்கும் வீட்டின் மொட்டை மாடியில் எங்கள் பாதி வேகனை, பெரிய வகையின் அளவில், சுண்ணாம்புக் கட்டியால் வரைந்தேன். கதவு, தடுப்பு, டிரங்குப் பெட்டி, ஸ்டவ். சாயங்காலம் காய்ந்த துணி எடுக்க அப்பா மேலே வந்தார். வேகனைப் பற்றி நாங்கள் பேசுவதே இல்லை. அம்மா போன பிறகு அவர் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை, நானும் அந்தப் பேச்சை எடுத்ததில்லை. கோடுகளைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு கோட்டைத் தாண்டாமல், சுற்றிப் போய், கதவு வரைந்திருந்த இடத்தின் வழியாக உள்ளே வந்தார்.

"இது பெருசுல்லா" என்றார்.

"எது எப்பா?"

அவர் துணிகளை ஓரமாக வைத்துவிட்டு, பைய உட்கார்ந்து, குறுக்குவாட்டில் படுத்தார். தலை ஒரு கோட்டைத் தொட்டது. காலை நீட்டினார். கால் பக்கம் கோடு நன்றாகத் தள்ளி இருந்தது.

"இடிக்கணும். தலவாணி வச்சிப் படுத்தா ரெண்டு காலும் தகரத்துல இடிக்கும். ரெண்டு வருசம் முட்ட மடக்கித்தான படுத்தேன். இங்கன நீட்டிப் படுக்கலாம் போலுக்கே."

"அம்மா சாண் போட்டு அளந்தது நோட்டுல இருக்குப்பா. அத வச்சித்தான் வரைஞ்சிருக்கேன்."

"அவ எங்க அளந்தா?" அவர் வானத்தைப் பார்த்தபடியே சொன்னார். "அவளுக்கு எந்திரிக்கவே முடியலயே. கெடந்த வாக்குலல்லா எண்ணுனா. அளந்தது நீ."

அதை மறுக்க எனக்கு ஒரு வழி மிச்சமிருந்தது. ஒன்பது வயதில் என் கை அந்த உயரத்துக்கு எட்டியிருக்காது. அதைச் சொன்னேன்.

"டிரங்குப் பெட்டி மேல ஏறி நின்னியே. விழுந்துருவன்னு நாந்தான் ஒன் இடுப்பப் பிடிச்சிட்டு நின்னேன். ஒனக்கு அதுகூட ஞாபகம் இல்லியா?" பிறகு, நான் கேட்காமலேயே, "சாக்கு நான் கொண்டாந்தது" என்றார்.

அவர் எழுந்து துணிகளை எடுத்துக்கொண்டு கீழே போனார். போகும்போதும் கதவு வழியாகவே போனார்.

எண்ணிய குரலுக்கு நான் ஒரு கையைக் கொடுத்து வைத்திருக்கிறேன். இத்தனை வருடமும் ஈரச் சுவரில் விரல் விரித்து நகர்ந்துபோன அம்மாவின் கை என்று நான் கண்டதெல்லாம், குரல் வந்த திசையை மறந்துவிட்டு நானே பொருத்திக்கொண்டது. அப்பா சொன்னதை வைத்து மறுபடி கணக்குப் போட்டேன். சின்ன வகை, சாண் பதினாறுக்கும் குறைவு, ஒன்பது வயதுப் பெண்ணின் கை. அப்பா படுத்த நீளமும் சரியாக வந்தது. ஒரு தேடலில் எல்லா அளவும் ஒன்றோடொன்று பொருந்துவது அபூர்வம், இதில் பொருந்திவிட்டது. அம்மாவின் கையைப் பற்றி எந்தத் தாளிலும் எந்த எண்ணும் இல்லை என்பதும் அதோடு உறுதியாயிற்று.

அந்தப் பாதையில் இப்போது மின்சார ரயில் ஓடுகிறது. போன மாதம் திருச்செந்தூர் போய் வந்தேன். எங்கள் ஸ்டேஷனை உயரமான புதிய நடைமேடை மூடிவிட்டது. வேகன் கிடந்த இடம் எது என்று கணக்கிட்டு ஜன்னலோரம் காத்திருந்தும் கருங்கல் ஜல்லிக் குவியல்தான் கடந்து போனது. உப்பு லாரியில் போகிறது. மீசைக்காரக் கேங்மேன் எங்கே என்று அப்பாவுக்கே தெரியவில்லை.

வேகனைச் செய்து முடித்தேன். சின்ன வகை, செங்காவி நிறம், எண் இருக்க வேண்டிய இடத்தில் தார். குழுவில் படம் போட்டதும் நிறையப் பேர் பாராட்டினார்கள். இந்த வகைக்கு உள்பக்க அளவுகள் எங்குமே கிடைக்காதே, உங்களுக்கு எப்படிக் கிடைத்தது என்று ஒருவர் கேட்டிருந்தார். நானே அளந்தது என்று பதில் எழுதினேன்.