மீனுக்கு மாடி கட்டிய அத்தான்

என் அக்கா புருஷனுக்கு ஊரில் 'டேப்பு' என்று பெயர். முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. நகராட்சியில் கட்டட வரைபடங்களைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிற வேலை. இடுப்பு பெல்ட்டில் ஓர் இரும்பு டேப் எப்போதும் தொங்கும். விருந்துக்கு வந்தாலும் தொங்கும். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் கூரையைப் பார்ப்பார், அப்புறம் சன்னலை, கடைசியாகத்தான் வீட்டுக்காரரை.

நேர்மையான மனிதர், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. நேர்மையானவரோடு குடித்தனம் நடத்துவது எப்படிப்பட்ட பாடு என்பதை என் அக்காவைக் கேட்டால் சொல்வாள். ஒரு படுக்கையறை இரண்டு அங்குலம் குறைந்தாலும் வரைபடத்தைத் திருப்பி அனுப்பிவிடுவார். கெஞ்சிப் பார்ப்பார்கள், பெரிய இடத்துப் பெயரைச் சொல்லிப் பார்ப்பார்கள். அவர் பதில் ஒன்றுதான். "மனுஷன் கைகால் நீட்ட வேணாமாங்க? வீடு கட்டுறீங்களா, பெட்டி செய்யுறீங்களா?"

அப்பேர்ப்பட்டவர் நாலடிக் கண்ணாடித் தொட்டியில் ஒரு டாங் மீனை வளர்த்தார்.

டாங் என்பது கடல் மீன். பாறையில் பாசியை மேய்ந்துகொண்டு பொழுது முழுக்க நீந்திக்கொண்டே இருக்கிற ஜாதி. தட்டையான உடம்பு, பாய் விரித்த மாதிரி துடுப்பு, வாலடியில் இரண்டு பக்கமும் கத்தி போல ஒரு முள். அத்தான் வாங்கி வந்தபோது அது தீப்பெட்டி அளவுதான் இருந்தது. "சின்ன மீன்தான் சார், நாலடி தாராளம்" என்று சொல்லித்தான் கடைக்காரர் கொடுத்தார். அவர் சொன்னதில் பொய் இல்லை, அன்றைக்கு அது சின்ன மீன்தான். ஐந்து வருடத்தில் பதினோரு அங்குலம் ஆயிற்று.

அக்கா அதற்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்தாள். பெயர் வைக்கக் காரணம் இருந்தது. அவர்கள் மகளைக் கட்டிய நிஜமான மாப்பிள்ளை வந்தால், "வாங்க, உட்காருங்க" என்பதோடு அத்தானின் உபசாரம் முடிந்துவிடும். மீன் மாப்பிள்ளைக்கு அப்படியா? அலுவலகம் விட்டு வந்ததும் சட்டையைக் கூட மாற்றாமல் தொட்டியின் உப்பு அளவைப் பார்ப்பார், சூட்டைப் பார்ப்பார். காய்ந்த கடற்பாசியைப் பூண்டுச் சாற்றில் நனைத்து, கிளிப்பில் மாட்டித் தொங்கவிடுவார். கரண்ட் போனால் மூச்சு முட்டக்கூடாது என்று பேட்டரியில் ஓடுகிற காற்று பம்பு ஒன்று தயாராக இருக்கும். அதே கரண்ட் போனால் அக்காவுக்கு ஒரு பழைய நாளிதழ் கிடைக்கும், விசிறிக்கொள்ள.

நான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். கொழுந்தியாள் இப்படி ஒரு வேலையில் இருப்பது அத்தானுக்குக் கிடைத்த அதிர்ஷ்டம். வாரம் தவறாமல் ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு வந்து நிற்பார். சோதித்துச் சொல்வேன். உண்மையைச் சொன்னால், எங்கள் தெருக் குழாயில் வருவதைவிட அது நல்ல தண்ணீர்.

அவர் உள்ளே நுழைந்தால் மாப்பிள்ளை விறுவிறுவென்று கண்ணாடிக்கு வரும். அதில்தான் அவருக்குப் பெருமை எல்லாம். மீட்டர் பார்க்க வருகிறவரையும் காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரையும் நிறுத்தி வைத்துக் காட்டுவார். "பாருங்க, என்னைக் கண்டா எப்படி ஓடி வருதுன்னு. பெத்த பிள்ளை கூட இப்படி வராது." சிலிண்டர்க்காரர் சிலிண்டரைத் தோளில் வைத்துக்கொண்டே தலையாட்டுவார்.

நானும் பல நாள் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மாப்பிள்ளை வாலை இரண்டு தடவை அடித்தால் தொட்டி முடிந்துவிடும். திரும்பும். மறுபடி இரண்டு அடி, மறுபடி சுவர். காலையில் போனாலும் அதே, மாலையில் போனாலும் அதே. ஒருநாள் வாய் பொறுக்காமல் கேட்டுவிட்டேன்.

"அத்தான், தொட்டி பத்தலை. அது வளர்ந்துடுச்சு."

"தெரியும்மா. பிளான் போட்டு வச்சிருக்கேன்" என்றார்.

நிஜமாகவே பிளான்தான். வரைபடத் தாளில், முன்தோற்றம், பக்கத்தோற்றம், வடக்கு எது என்று அம்புக்குறி உள்பட. அதே நாலடி நீளம், அதே ஒன்றரை அடி அகலம். உயரம் மட்டும் ஒன்றரையிலிருந்து மூன்றரை அடி.

"ஊர்ல இடம் இல்லேன்னா என்ன பண்றோம்? மேல போறோம். கொள்ளளவு ரெண்டு மடங்குக்கு மேல. தரை தாங்குமான்னு பார்த்தாச்சு" என்று விளக்கினார்.

இந்த உலகத்தில் ஒரு மீனுக்கு மாடி எடுக்கலாம் என்று நகராட்சிக் கட்டடப் பிரிவில் இருப்பவருக்குத்தான் தோன்றும். நான் சிரித்தேன். அக்கா சிரிக்கவில்லை, தொட்டியைத் துடைக்கப்போவது அவள். புதுத் தொட்டி வந்தது. பாசியை மாட்ட ஒரு முக்காலி வேண்டியிருந்தது. அத்தான் அதில் ஏறி நின்று, கை முழங்கை வரை நனைய, கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர் போல எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

மாப்பிள்ளை மாடிக்குக் குடிபோகவில்லை. பழைய உயரத்திலேயே வாலால் இரண்டு அடி, சுவர், இரண்டு அடி, சுவர்.

"அத்தான், அது லிப்ட்ல ஏறி இறங்குற மீன் இல்ல. நேரா ஓடுற மீன்."

"பழகிடும். புது வீடுன்னா யாருக்கும் கொஞ்ச நாள் ஆகும்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

அது பழகவில்லை, படுத்தது. உடம்பெங்கும் உப்பைத் தூவினாற்போல் வெள்ளைப் புள்ளி. கடல் மீன் வளர்க்கிறவர்கள் எல்லோரும் பயப்படுகிற நோய் அது. தாமிர மருந்து போட வேண்டும். தொட்டியில் இருக்கிற இறால்களுக்கு அந்த மருந்து விஷம். அதனால் மீனைத் தனியாகப் பிரித்து வைக்க வேண்டும். தொட்டியும் இரண்டரை மாதம் மீன் இல்லாமல் கிடந்தால்தான் கிருமி ஒழியும். அவ்வளவு நாள் எங்கே வைப்பது? என் தலையில்தான் விடிந்தது. என் வீட்டில் வண்டி நிறுத்துகிற இடத்தில், ஐந்தடி விட்டத்தில் ஒரு வட்டமான பிளாஸ்டிக் தொட்டி இறங்கியது, அத்தான் வலைபோட்டு மூடினார். வண்டி மழையில் நின்றது.

மருந்தின் அளவை நானே தினமும் சோதித்தேன். கொஞ்சம் கூடினால் மீன் போய்விடும், குறைந்தால் கிருமி போகாது. பத்தாம் நாள் புள்ளிகள் மறைந்தன. அதற்கப்புறம் நான் பார்த்ததை இன்னும் மறக்கவில்லை. வட்டத் தொட்டிக்கு மூலை கிடையாது. மாப்பிள்ளை சுற்றியது, நிற்காமல் சுற்றியது. பல் தேய்த்துக்கொண்டே பார்த்து நிற்பேன், வேலைக்கு நேரமாகிவிடும். நிறம் திரும்பியது, துடுப்பு விரிந்தது.

அத்தான் காலையும் மாலையும் வந்து எட்டிப் பார்ப்பார். மீன் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும்.

"என்னை மறந்துடுச்சு போல" என்றார் ஒருநாள். குரல் இறங்கியிருந்தது.

"சந்தோஷமா இருக்கு அத்தான், அவ்வளவுதான்."

"மருந்து கலந்த தண்ணில என்ன சந்தோஷம்? மயக்கத்துல சுத்துது. நம்ம தொட்டிக்கு வந்தா சரியாயிடும்."

இரண்டரை மாதம் கழித்து மாடி வீட்டுக்குத் திரும்பியது. அத்தானைக் கண்டதும் பழையபடி கண்ணாடிக்கு வந்தது. அவர் கண்ணில் தண்ணீர். எனக்கு வந்தது எரிச்சல்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. தலையிலும் பக்கவாட்டிலும் குழி குழியாகத் தோல் அரித்துப்போனது. பாசியைக் கொண்டுபோய் வாயருகே பிடித்தாலும் திரும்பிக்கொண்டது. அத்தான் வைட்டமின் வாங்கினார், வடிகட்டியில் இருந்த கரித்தூளை எடுத்துவிட்டுப் பார்த்தார், நீரோட்டத்தை மாற்றினார். நான் தண்ணீரைப் பத்துத் தடவை சோதித்தேன். ஒரு குறையும் இல்லை. கடைசியில் கடைக்காரரையே வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் தொட்டியை மேலிருந்து கீழ்வரை ஒருமுறை பார்த்தார்.

"யார் சார் இதை இப்படி உயரமா செய்யச் சொன்னது?"

அத்தான் முக்காலியைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

"மருந்து இல்ல சார் இதுக்கு. நீளம் வேணும், எட்டடியாவது வேணும். இப்படியே வச்சிருந்தா ரெண்டு மாசம் தாங்குறது கஷ்டம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை அத்தான் வெளியே வரவே இல்லை. அவர்கள் வீட்டுக் கூடத்தில் இரண்டு கதவுகளுக்கு நடுவே உள்ள சுவர் நாலரை அடிதான். ஒரு கதவை அடைத்து, சமையலறைச் சுவரை உடைத்து, எட்டடிக்கு இடம் செய்து ஒரு வரைபடம் போட்டார். அழகான வரைபடம். திங்கட்கிழமை காலை அதை மேசையில் விரித்து, சிவப்புப் பேனாவைத் திறந்து, 'இது பாரம் தாங்கும் சுவர், அனுமதிக்க இயலாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். சொந்த வரைபடத்தையே திருப்பி அனுப்பிய அதிகாரியை நான் வேறெங்கும் கண்டதில்லை.

"என்னங்க, ஒண்ணு கேக்கட்டுமா? இந்த மாதிரி ஒரு ரூம்ல ஒரு ஆளைக் குடிவைக்கிறேன்னு வேற எவனாவது உங்ககிட்ட வந்திருந்தா, கையெழுத்துப் போட்டிருப்பீங்களா?" என்று அக்கா கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள், துணி மடித்துக்கொண்டே, தொட்டியைக் கண்ணால் காட்டி.

அத்தான் இடுப்பிலிருந்து டேப்பை எடுத்தார். கண்ணாடியோடு சேர்த்துப் பிடித்து, மாப்பிள்ளை பக்கவாட்டில் வரும்வரை காத்திருந்து அளந்தார். பதினோரு அங்குலம். அப்புறம் தொட்டியின் நீளத்தை அளந்தார். ஐந்து வருடமாகத் தெரிந்த அளவுதான், ஆனாலும் அளந்தார். டேப்பை உள்ளே சுருள விட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அந்த மனிதரை நான் எத்தனையோ கிண்டல் செய்திருக்கிறேன். அன்றைக்கு எனக்குப் பாவமாக இருந்தது.

பெரிய தொட்டி ஊரில் ஒரே இடத்தில்தான் இருந்தது, கடைத்தெருப் பல் டாக்டரிடம். ஒன்பதடி நீளம். இந்த டாக்டரின் கட்டட வரைபடத்தைத்தான் அத்தான் மூன்று தடவை திருப்பி அனுப்பியிருந்தார், காத்திருக்கும் அறை நீளம் போதாது என்று. போய் நிற்க எப்படியிருந்திருக்கும்! துணைக்கு என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் எழுந்து நின்று வரவேற்றார். "வாங்க சார். உங்களை நான் திட்டாத நாள் இல்ல அப்போ. ஒரு ரூமை இடிச்சு இந்த ஹாலை நீட்டினேன். நீட்டின சுவர் வெறுமையா இருக்கேன்னுதான் இந்தத் தொட்டியே வச்சேன். கொண்டுவாங்க. ஆனா கொடுத்தா கொடுத்ததுதான், அப்புறம் திருப்பிக் கேக்கக் கூடாது."

அத்தான் பெண் கொடுக்கப் போகிற வீட்டைப் பார்க்கிற மாதிரி எல்லாவற்றையும் பார்த்தார். பம்பு, வடிகட்டி, வெளிச்சம், பாசி தொங்கவிடும் இடம். குறை ஒன்றும் கிடைக்கவில்லை. கிடைக்காததில் அவருக்கு வருத்தம் என்று எனக்குப் பட்டது. சரி என்றார்.

"வீட்டோட மாப்பிள்ளை தனிக்குடித்தனம் போறார்" என்றாள் அக்கா. சொன்னவளே உள்ளே போய் வெகுநேரம் பாத்திரம் கழுவினாள்.

நோய் மிச்சம் இருக்கிறதா என்று டாக்டரின் பின்னறையில் நாலு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்தார்கள். அப்புறம் விட்டார்கள். கொஞ்ச நேரம் பாறைக்குப் பின்னால் பதுங்கியிருந்தது. பிறகு கிளம்பியது. அதற்கு அவ்வளவு வேகம் உண்டு என்று எங்களில் யாருக்கும் தெரியாது. இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு, அங்கிருந்து இங்கே. அத்தான் ஒரு முனையில் கண்ணாடியை ஒட்டி நின்றார். வந்தது, அவர் முகத்துக்கு நேரே திரும்பியது, போய்விட்டது. நாலு தடவை, ஐந்து தடவை.

இப்போது அத்தானுக்குப் பல்லில் என்னென்னவோ தொந்தரவு. ஐம்பத்து நாலு வயதுவரை ஒரு பல்கூட ஆடாதவர், மூன்று மாதத்தில் நாலு தடவை சுத்தம் செய்துகொண்டிருக்கிறார். "பல்லு நல்லா இருக்கு சார், இதுக்கு மேல தேய்ச்சா தேஞ்சு போயிடும்" என்று டாக்டரே சொல்லிப் பார்த்துவிட்டார்.

போன வாரம் எனக்கு நிஜமாகவே கடைவாய்ப் பல் வலி. போனால் அத்தான் அங்கே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்தேன். மாப்பிள்ளையின் தலையில் குழிகள் ஆறி, தழும்பு மட்டும் லேசாகத் தெரிந்தது. பெஞ்சின் மறுகோடியில் கன்னம் வீங்கிய ஒருவர், கைக்குட்டையை வாயில் அழுத்திக்கொண்டு மீனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன மீனுங்க அது? ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குதே" என்று அத்தானிடம் கேட்டார்.

போச்சு, அரை மணி நேரப் பிரசங்கம் என்று நினைத்தேன். சிலிண்டர்க்காரரையே விடாதவர் ஆயிற்றே.

"தெரியலைங்க. நானே இப்பத்தான் பார்க்கிறேன்" என்றார் அத்தான்.

சொல்லிவிட்டுக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, அவருக்கும் பார்க்க இடம் விட்டார்.