அக்காவின் வெள்ளணுக்கள்

முழங்காலுக்குக் கீழே முளைத்த செம்புள்ளிகளை ஒரு வாரம் மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்த மேதை நான். சிவகாசியில் காலண்டர் அச்சடிப்பவன்; உடம்பில் எது சிவந்தாலும் மை என்றே நினைப்பேன். பேன்ட் மூடிய காலில் மை எப்படிப் படும் என்று யோசிக்கவில்லை.

அது தோலுக்கடியில் கசிந்த ரத்தம். தட்டணுக்கள் (ரத்தத்தை உறையவைப்பவை) குறைந்துபோயிருந்தன. ரத்தப் புற்றுநோய் என்றார்கள். உங்களுக்கும் அப்படி வந்தால் மண்ணெண்ணெயை அடுப்புக்கு விட்டுவிட்டு ரத்தத்தைச் சோதியுங்கள்.

சென்னையில் எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். தந்தவள் என் அக்கா. சாத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். பத்து மாதம் நன்றாக இருந்தேன். 2008 காலண்டரின் டிசம்பர் தாள் அச்சாகும்போது நோய் திரும்பியது.

செய்தித்தாளில் வெட்டிய துண்டை டாக்டரிடம் நீட்டினேன். வெளிநாட்டில் நோயாளியின் டி செல்களை (அந்நியரைக் கண்டு கொல்லும் வெள்ளணுக்கள்) எடுத்து, மரபணுவை மாற்றி, புற்றை அடையாளம் காண வைத்துத் திருப்பி அனுப்புகிறார்களாம்.

“இது எனக்குக் கிடைக்குமா சார்?”

“இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. இங்க வர வருஷக்கணக்காகும்.”

“எனக்கு எம்புட்டு நாள் இருக்கு?”

“வாரக்கணக்குல பேசுவோம்.”

அடுத்த வருடத்து நாள்களை அச்சடிப்பவனிடம் இப்படிச் சொன்னார்.

அவரிடம் இருந்த ஒரே வழி, அக்காவின் டி செல்களை மாற்றாமல் அப்படியே எனக்குள் விடுவது. அவை புற்றை அடிக்கலாம். என்னையும் சேர்த்து அடிக்கலாம். சொறி, புண் என்று என் உடம்பில் அடியின் அடையாளமே தெரியாவிட்டால், புற்றின் மேலும் அடி விழவில்லை என்றாகலாம்.

தீபாவளி சீசனில் லீவு சொல்லிவிட்டு அக்கா வந்தாள். இரண்டு கையிலும் ஊசியோடு நான்கு மணி நேரம், வெள்ளணுக்களைப் பிரித்தெடுக்கும் இயந்திரத்தருகே கிடந்தாள்.

“சின்ன வயசுல அடிச்சது பத்தாதுன்னு இப்ப உள்ளயே ஆளனுப்புறியாக்கா?”

“அப்பவே ஒழுங்கா அடிச்சிருக்கணும்லே.”

அவற்றை எனக்குள் ஏற்றினார்கள். பிறகு காத்திருந்தேன். தினமும் நாக்கை நீட்டிப் பார்த்தேன், உள்ளங்கையை விரித்துப் பார்த்தேன். ஒரு சொறி, ஒரு வாய்ப்புண், ஒரு வயிற்றுப்போக்கு? ஒன்றுமில்லை. நலமாக இருப்பது இவ்வளவு பயமாக இருக்கும் என்று தெரியாது. உடம்பு எனக்கு அடுத்த வீடு போலாகிவிட்டது. சண்டைச் சத்தம் வருகிறதா என்று சுவரில் காது வைத்துக் கிடந்தேன். கிழமை மறந்தது. ரத்தம் எடுக்கும் நாள், முடிவு வரும் நாள் என்று இரண்டே நாள்கள்தான்.

நேற்று முடிவு வந்தது. புற்று குறையவில்லை. அக்கா போர்வையை மடித்துக்கொண்டிருந்தாள். நகைச்சுவை எதுவும் வாயில் வரவில்லை.

“இதுவும் கேக்கலையேக்கா. இனி என்ன செய்ய?”

“எங்கிட்ட இன்னும் எடுத்துக்கிடச் சொல்லு.”