முன்படியில் ஏறிய பெண்கள்

1. நடுவழியில் நின்ற வண்டி

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரை–திருமங்கலம் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். கப்பலூர் தொழிற்பேட்டையில் பெண்களை வேலைக்கு எடுக்க ஆரம்பித்திருந்த நேரம். காலை ட்ரிப்பில் ஆண்களின் நெரிசலுக்குள்தான் அவர்களும் நிற்க வேண்டும்.

ஒருநாள் திருப்பரங்குன்றம் தாண்டியதும் வண்டியின் நடுவிலிருந்து சத்தம் வந்தது.

"கையை எடுய்யா!"

கத்தியது ருக்மணி. தறி நெய்யும் சௌராஷ்டிரக் குடும்பத்துப் பெண். போல்ட் கம்பெனியில் பேக்கிங் வேலை. பக்கத்தில் நின்ற ஆள் சிரித்தான்.

"கூட்டம்னா கை படத்தேன் செய்யும். அம்புட்டு ரோஷம்னா டாக்சில போறது?"

நான் விசில் கொடுத்தேன். டிரைவர் மூக்கையா அண்ணன் வண்டியை ஓரங்கட்டி இன்ஜினையும் அணைத்துவிட்டார்.

"என்ன மாப்ள?"

"அண்ணே, இந்தாளு எறங்காம வண்டிய எடுக்காதீக."

"யோவ், எங்களுக்கு நேரமாகுதுல்ல!" என்று பின்னாலிருந்து சிலர் கத்தினார்கள். ருக்மணி கம்பியைப் பிடித்தபடி தலைகுனிந்து நின்றாள். தானே இறங்கிவிடுவாளோ என்று எனக்குப் பயம். அப்போது அவளோடு வேலை பார்க்கும் செல்லம்மா எழுந்தார்.

"நேத்து என்னைய இடிச்சதும் இவந்தேன். நான் வாயத் தொறக்கல."

"என்கிட்டயும்தான்," என்றது இன்னொரு குரல். அதற்குப் பிறகு அந்த ஆளுக்காகப் பேச யாருமில்லை. இறங்கிப் போனான்.

2. அப்பாவின் கேள்வி

மறுநாள் முதல் ருக்மணி வரவில்லை. அப்பா வேலையை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். என் ஓய்வு நாளில் செல்லம்மாவும் நானும் அவர்கள் வீட்டுக்குப் போனோம்.

தறியை விட்டு எழுந்து வந்த அப்பா கோபப்படவில்லை. "நீங்க நல்லவரா இருக்கீங்க. தினமும் நீங்களேவா அந்த வண்டில வருவீங்க?" என்று கேட்டார்.

உள்ளேயிருந்து ருக்மணி சொன்னாள்: "அவரு இல்லாட்டி என்னப்பா? நாங்க இத்தனை பேரு இருக்கோம்ல. இனிமே சேர்ந்தே ஏறி, சேர்ந்தே நிப்போம்."

அவர் செல்லம்மாவைப் பார்த்தார். "நான் கூட்டிட்டு வாரேண்ணே," என்றார் செல்லம்மா. அடுத்த திங்கட்கிழமை ருக்மணி வண்டியில் இருந்தாள்.

3. மேனேஜர் அறையில்

சில வாரம் கழித்து அந்தப் பெண்கள் எல்லோரும் டெப்போவுக்கே வந்துவிட்டார்கள். என்னையும் அழைத்துக்கொண்டு போய் மேனேஜரிடம் இரண்டு கோரிக்கை வைத்தார்கள். முன்படியில் பெண்கள் மட்டும் ஏற வேண்டும். வண்டி கம்பெனி வாசலில் நிற்க வேண்டும்.

"ஸ்டாப் இல்லாத எடத்துல நிறுத்துனா ஆளாளுக்குக் கேப்பாங்களேம்மா."

"மெயின் ரோட்டுல எறங்கி கருவேலங்காட்டு வழியா நடக்குறோம் சார். சாயங்காலம் திரும்பையில இருட்டிருது. பயந்தே பாதிப் பேரு வேலைய விட்டுட்டாக," என்றாள் ருக்மணி.

மேனேஜர் என்னைப் பார்த்தார். "வாசல் வரை போய்த் திரும்ப நேரம் பத்துமாய்யா?"

"பத்துற மாதிரி பாத்துக்கிறோம் சார்."

"சரி, ரெண்டையும் ஒரு மாசம் செஞ்சு பாப்போம்," என்றார்.

அந்த ஒரு மாதம் முடிந்த பிறகும் யாரும் அதை நிறுத்தச் சொல்லவில்லை. வேலையை விட்ட பெண்கள் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். மறுவருஷம் ருக்மணி தன் தங்கையையும் அழைத்து வந்து, "இவளும் இனிமே நம்ம வண்டிதாண்ணே," என்றாள்.

புதிதாகப் பணிக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். பெண்களுக்கு என்ன வேண்டும் என்பதைப் பெண்களிடமே கேளுங்கள். அத்தனை வருஷம் அந்த வழியில் போய்வந்தும், வண்டி எங்கே நிற்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. அங்கே இறங்கி நடந்தவர்கள்தான் வந்து சொன்னார்கள்.