பாகப்பிரிவினைக்கு வந்த கண்

மனித உடம்பில் கண் மட்டும் கூட்டுக் குடும்பச் சொத்து என்ற உண்மை, சலூன்காரருக்கு அறுபதை நெருங்கும்போதுதான் தெரியவந்தது. அதுவரை தன் கண் தன்னுடையது என்றே அப்பாவியாக நம்பிக்கொண்டிருந்தார்.

மருந்துக்கடைக்கும் செருப்புக்கடைக்கும் நடுவே, ஒரே ஒரு சுழல் நாற்காலி போட்ட கடை அவருடையது. அதிகம் பேசாத சலூன்காரர் என்று தெருவில் பெயர் வாங்கியிருந்தார். அது அடக்கத்தால் வந்த பெயரல்ல. வாயைத் திறந்தால் வீட்டில் சேர்ந்த எரிச்சலெல்லாம் வாடிக்கையாளர் தலையில் இறங்கிவிடும் என்ற தொழில் தர்மம்.

கண் மங்கத் தொடங்கியபோது முதலில் பல்பைக் குற்றம் சொன்னார், மாற்றினார். பிறகு சுவர்க் கண்ணாடியைக் குற்றம் சொல்லி, அது தேயும் அளவுக்குத் துடைத்தார். கடைசியில் வாடிக்கையாளர்களைக் குற்றம் சொன்னார். "தலையை ஆட்டாதீங்க!" என்று சிலை மாதிரி உட்கார்ந்திருந்தவர்களையெல்லாம் அதட்டினார். ஒருநாள் கத்திரி மச்சானின் காதைக் கடித்தது.

மச்சான் என்றால் மனைவியின் தம்பி. சின்னக் கடிதான். ஆனால் அவன் காதில் பிளாஸ்திரியோடு தெரு முழுக்க நடந்து, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விளக்கம் கொடுத்தான். அதன்பிறகு பழைய வாடிக்கையாளர்களுக்கெல்லாம் திடீரென்று அவசர வேலை வந்துவிட்டது. "அப்புறம் வர்றேண்ணே" என்று கையாட்டிவிட்டு, எதிர்வரிசையில் திறந்திருந்த ஏசி சலூனுக்குள் நுழைந்தார்கள். நாற்காலி காலியாகச் சுழன்றது. பார்வை திரும்பாவிட்டால் கடையை மூட வேண்டியதுதான்.

கண் ஆஸ்பத்திரிக்கு மனைவியும் மகளும் காவலர்கள் போல இருபுறமும் வந்தார்கள்.

"புரை முத்திருச்சு. முதல்ல வலது கண்ணுல அதை எடுத்துட்டு உள்ளே லென்ஸ் வெச்சுடலாம்" என்றார் டாக்டரம்மா. "ஆனா ஒண்ணு நீங்கதான் சொல்லணும். கிட்டப் பாக்கறது தெளிவா இருக்கணுமா, தூரமா? ஒரு லென்ஸ் ஒரு தூரத்துக்குத்தான். மத்ததுக்குக் கண்ணாடி போட்டுக்கணும்."

"எல்லாத் தூரமும் காட்டுற லென்ஸ் இருக்காமே?" என்றாள் போனில் படித்துவிட்டு வந்த மகள்.

"இருக்கும்மா. அப்பாவோட விழித்திரைக்கு அது ஒத்துவராது."

சலூன்காரர் வாயைத் திறந்தார்.

"கிட்டத்துலதான் டாக்டர்" என்றாள் மனைவி. "சாப்பாட்டுல மிளகாய் எது, பீன்ஸ் எதுன்னு தெரியாம கடிச்சுட்டு என்னையத் திட்டுறார். ஊசியில நூல் கோக்கவும் வீட்ல ஆளில்ல."

"அம்மா, சும்மா இரு. தூரம்தான் டாக்டர். போன வாரம் தப்பான பஸ்ல ஏறி எங்கேயோ போய் இறங்கி, அங்கேருந்து என்னைக் கூப்பிட்டுத் திட்டுறார்."

"நான் அவரைத்தான் கேட்டேன்" என்றார் டாக்டரம்மா.

இருவரும் திரும்பி, மறந்து வைத்துவிட்டுப் போன குடையைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தார்கள்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்றார் அவர்.

அங்கேதான் தவறு செய்தார். யோசிக்க அவகாசம் கேட்டதாக அவர் நினைத்தார். ஆலோசனை கேட்டதாகத் தெருவே எடுத்துக்கொண்டது. மருந்துக்கடைக்காரர் தூரத்துக்கு வாக்களித்தார். செருப்புக்கடைக்காரர் கிட்டத்துக்கு. பிளாஸ்திரிக் காதோடு மச்சானும் வந்தான்.

"மாமா, தூரமே வெச்சுக்குங்க. நான் கார் வாங்குனா நீங்க ஓட்டலாம்."

"காரை நீ வாங்கு. கண்ணு என்னுது."

"உங்களுதுதான் மாமா, யாரு இல்லேன்னா? நம்ம குடும்பத்துக் கண்ணாச்சேன்னு சொன்னேன்."

அன்று சாப்பிடும்போது மனைவி 'கிட்ட' என்று தொடங்க, மகள் 'தூர' என்று முடிக்க, சலூன்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்தார். மகளை முக்காலியில் உட்காரவைத்தார். சீப்பும் கத்திரியுமாகப் பின்னால் போய் நின்றார்.

"இப்ப சொல்லு. உன் காது எனக்குக் கிட்டவா இருக்கு, தூரமா இருக்கு?"

"ரெண்டும் இல்லப்பா" என்றாள் மகள், காதைப் பொத்திக்கொண்டு.

"அந்த ரெண்டும் இல்லாத எடத்துலதான்டி இத்தனை வருஷமா சோறு சம்பாதிச்சேன்!"

"அதுக்கு மட்டும் கண்ணாடி போட்டுக்கறது?" என்றாள் மனைவி, அசராமல்.

"குனிஞ்சா வழுக்கும், வெட்டுனா முடி ஒட்டும், வெந்நீர் வெச்சா ஆவி படியும். எனக்கு ரெண்டு கையிலயும் வேலை. மூக்குலேருந்து இறங்குறதை நீ வந்து தூக்கி விடுறியா?"

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். வந்துவிடுவாளோ என்று அவருக்கே பயமாகிவிட்டது. "என்னமோ பண்ணுங்க" என்று சொன்னபிறகுதான் மூச்சு வந்தது.

"கைக்கெட்டுற தூரமா? தாராளமா வைக்கலாமே" என்றார் டாக்டரம்மா. "அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல?"

"விட்டாங்களா டாக்டர்?"

ஆபரேஷன் முடிந்து கண் தேறியது. டாக்டரம்மா கத்திரி பிடிக்க அனுமதி கொடுத்தார். ஆனால் உட்காரத்தான் தலை கிடைக்கவில்லை. மனைவியே தன் தம்பியைக் கையைப் பிடித்து இழுத்துவந்து நாற்காலியில் அழுத்தினாள்.

"கடிபட்டதை ஊரெல்லாம் காட்டினேல்ல? இதையும் போய்க் காட்டு."

மச்சான் கண்களை இறுக மூடிக்கொண்டான். சலூன்காரர் குனிந்தார். அடேயப்பா! ஒவ்வொரு முடியும் தனித்தனியாக, வேரும் நுனியுமாக நின்றது. காது மடலின் ஓரம் கோடு போட்டதுபோலத் தெரிந்தது. கத்திரி அந்தக் கோட்டைத் தொடாமல் சுற்றிவந்தது. வாசலுக்கு வெளியே இருந்த தெரு மட்டும் கொஞ்சம் கலங்கலாக இருந்தது. அங்கே அவர் யாருக்கும் முடிவெட்டப் போவதில்லை.

மச்சான் எழுந்து, இரண்டு காதும் இருக்கின்றனவா என்று தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி ஊர்வலம் போனான். எதிர்வரிசைக்குப் போனவர்கள், "அங்க குளிரு தாங்கலண்ணே" என்று ஒவ்வொருவராகத் திரும்பிவந்தார்கள். பெஞ்சில் இடமில்லை.

அப்படி ஒரு நெரிசலான காலையில்தான் மனைவியும் மகளும் கடைக்குள் வந்து நின்றார்கள்.

"வலது கண்ணை உங்க தொழிலுக்கு எடுத்துக்கிட்டீங்க, சரி" என்றாள் மனைவி. "அடுத்தது இடது கண்ணாமே. அதையாவது கிட்டத்துக்கு வையுங்க."

"தூரத்துக்கு!" என்றாள் மகள்.

பெஞ்சில் இருந்தவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் கிட்ட என்றார்; இன்னொருவர் மறுத்தார். நாற்காலியில் முகமெல்லாம் நுரையோடு சாய்ந்திருந்தவருக்கும் பொறுக்கவில்லை.

"அண்ணே, என்னைக் கேட்டா..."

சலூன்காரர் கத்தியை அவர் தொண்டைக்குழி மேல் மெல்ல வைத்தார். கை நடுங்கவில்லை. அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது.

"சொல்லுங்க. உங்களைக் கேட்டா?"

"ஒண்ணுமில்லண்ணே" என்றார் அவர், உதடு அசையாமல்.