கோட்டைக்குள் குடிதண்ணீர்

கொச்சி மட்டாஞ்சேரியிலிருந்து அரை மணி நேரம் துடுப்புப் போட்டால் கல்லுத்துருத்து வரும். காயல் எனும் உப்பங்கழி நடுவே சின்னத் தீவு. பதினோரு மீனவக் குடும்பங்கள், இடிந்த பழைய கற்கோட்டை ஒன்று. 1978 ஏப்ரலில் கோட்டையில் புதர் வெட்ட, மட்டாஞ்சேரிப் பக்கம் சுள்ளிக்கலில் குடியிருந்த மாயம்மாளைக் கூலிக்கு அழைத்துப் போனார்கள். சங்கரன்கோவில் பக்கத்துக்காரி, கட்டட வேலையில் செங்கல் சுமந்து உரமேறிய உடம்பு.

முதல் நாள், கங்கா என்ற மீனவப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டாள். அவள் அரைச் செம்புதான் தந்தாள்.

"கோவிக்காதே சேச்சி. குடிக்கிற வெள்ளம் மட்டாஞ்சேரியிலேருந்து வள்ளத்தில துடுப்புப் போட்டு வரணும். இங்கே சுத்திலும் உப்பு."

மாயம்மாள் குடித்துவிட்டுச் செம்பை நீட்டினாள். கோட்டை மதிலின் கனத்தையே பார்த்துக்கொண்டிருந்தவள், மேற்பார்வையாளர் சிவராமகிருஷ்ணனிடம் போய் நின்றாள்.

"சாமி, இம்புட்டுப் பெரிய கோட்டையில ஆளு இருந்திருப்பாகல்ல? அவுக என்னத்தக் குடிச்சாக?"

பாலக்காட்டுக்காரரான அவர், "புதர் வெட்டத்தான் உத்தரவு. மத்ததெல்லாம் உன் பாடு" என்றார்.

வேண்டாமென்று சொல்லவில்லை, அது போதும் அவளுக்கு. செடிகொடியெல்லாம் வெயிலில் வாடிக் கிடக்க, வடக்கு மூலையில் மட்டும் பச்சைப்பசேலென்று புல் நின்றது. சாப்பாட்டு வேளையில் அங்கே மண்வெட்டி போட்டாள். மூன்றாம் நாள், வட்டமாக அடுக்கிய கல் தெரிந்தது; மண் மூடிய பழைய கிணற்றின் வாய். ஞாயிற்றுக்கிழமை கணவன் செல்லதுரையையும் இழுத்து வந்தாள். இரண்டாள் ஆழத்தில் தண்ணீர் ஊறியது. ஓடி வந்து வாயில் வைத்த கங்கா உடனே துப்பினாள். உப்பு!

வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சிரித்தார்கள். செல்லதுரை கயிற்றைச் சுருட்டினான்.

"சுருட்டாதீக. மழைக்காலத்துல காயல் ஏறி உள்ள நின்ன தண்ணி இது. இறைச்சுக் கொட்டுவோம், அடியில நல்ல ஊத்து வரும்."

அன்று இறைத்தது அவர்கள் இருவர்தான். அடுத்த ஞாயிறு கங்காவும் வாளி பிடித்தாள். அதற்கடுத்த ஞாயிறு, சிரித்தவர்களும் வந்தார்கள். மே கடைசியில் கங்கா மறுபடி வாய் வைத்தாள். துப்பவில்லை, மடமடவென்று குடித்தாள். மழை பிடிக்குமுன், காயல் ஏறாதபடி உதிர்ந்த கற்களைக் கொண்டு கிணற்றுச் சுவரை உயர்த்திக் கட்டினார்கள்.

1983 வறட்சியில் மட்டாஞ்சேரிக் குழாய்கள் காய்ந்தபோது, குடங்களோடு வள்ளங்கள் தீவை நோக்கி வந்தன. ஒன்றில் மாயம்மாளும் இருந்தாள். கங்கா அவள் கையைப் பிடித்து வரிசைக்கு முன்னால் இழுத்தாள்.

"விடு தாயி. இவுகளுக்கும் தாகந்தானே" என்று குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, மாயம்மாள் வரிசையின் கடைசிக்கு நடந்தாள்.