டேப் சுத்தின மூச்சுப் பை

எங்கட கரையில உப்புக் காத்துக்குப் பயந்தே பாதி வாழ்க்கை போகுது. டீவி ரிமோட்டுக்குப் பொலித்தீன், புதுக் கதிரைக்குப் பொலித்தீன், மோட்டார் சைக்கிள் சீட்டுக்குப் பொலித்தீன். ஒரு சாமான் வாங்கினா முதல் வேலை அதைச் சுத்திக் கட்டுறதுதான். சுத்தட்டும், ரிமோட்டால யாரும் சாகப் போறதில்ல. ஆனா மனுசன்ட உயிரைக் காப்பாத்துற சாமானையும் ஒருத்தர் அப்படிச் சுத்திக் கட்டினார்.

புத்தளம் பக்கம், மாம்புரிக்குக் கிட்ட ஒரு ஐஸ் பெக்டரி. என்ட மாப்பிள்ளைக்கு, என்னைக் கட்டினவருக்கு, அங்க மெஷின் அறையில வேலை. பக்கத்துக் கொட்டில்ல நான் மீன் வெட்டுறேன், ரெண்டுக்கும் ஒரே முதலாளிதான். ஐஸ் உறையிறதுக்கு அமோனியா வாயு வேணும். குழாய்க்குள்ள இருக்கும் வரைக்கும் தொல்லை இல்ல. வெளிய வந்திச்செண்டா கண் எரியும், தொண்டை அடைக்கும், கொஞ்ச நேரத்தில ஆளே முடிஞ்சிரும். அதுக்காக அறை வாசல்ல ரெண்டு பை மாட்டினாங்க. உள்ள தலையில கவிழ்க்கிற ஒரு உறையும் சின்னக் காத்துப் போத்தலும் இருக்கும். நாங்க மூச்சுப் பையெண்டு சொல்லுவோம். பழக்கிக் காட்ட கொழும்பிலிருந்து வந்தவர் சொன்னது இவ்வளவுதான்: இழு, போடு, ஓடு. ஓடி வெளிய வாறதுக்கு மட்டும்தான் காத்து இருக்கும், நிண்டு வேலை செய்யக் காணாது எண்டும் சொன்னார்.

அவர் போய்க் கொஞ்ச நாள்ல மனேஜர் வந்து பையைத் தடவிப் பாத்தார். "இழுத்துத் திறக்கிற சிப்புல உப்புப் பிடிக்குது, நல்ல சாமான் வீணாகப் போகுது" எண்டார். கட்டிப் பொலித்தீன் எடுத்து வந்து ரெண்டு பையையும் மூடி, பெட்டி ஒட்டுற மண்ணிற டேப்பால சுத்து சுத்தெண்டு சுத்தினாராம்.

"சேர், அவசரத்துக்கு இதை எப்படிக் கழட்டுற?" எண்டு எங்கட ஆள், என்ட மாப்பிள்ளைதான், கேட்டிருக்கார்.

"அவசரமெண்டா கிழியுங்க. கை இல்லையா?"

எல்லாரும் சிரிச்சாங்களாம். என்ன பகிடி!

அவசரமும் வந்திச்சு. நான் கொட்டில்ல சூடை மீன் கழுவிக்கொண்டு இருக்கேன், காத்தில அந்த நாத்தம். "வாயு, வாயு" எண்டு கத்திக்கொண்டு ஆக்கள் ஓடி வாறாங்க. என்ட ஆள மட்டும் காணல்ல. உள்ள நடந்ததைப் பிறகுதான் அவர் சொன்னார். குழாய் மூட்டு விட்டுப் போய், அவர் மூச்சை அடக்கிக்கொண்டு அறை வாசல் வரைக்கும் வந்துட்டார்; அங்கேருந்து வெளிய போற நடை முழுக்க வாயு. பையும் கைக்கு வந்துட்டுது. ஆனா விரலெல்லாம் எண்ணெய், டேப் வழுக்குது. நகத்தால கீறினார், கிழியல்ல. கடைசியில பல்லால கடிச்சார். கடிக்க வாயத் திறக்கணும்தானே. அந்த இடத்திலதான் வாயு உள்ள போனது.

முகத்தில ஈரச் சாரன் துணியைக் கட்டிக்கொண்டு ரெண்டு பேர் அவரை இழுத்து வெளிய போட்டாங்க. புத்தளம் ஆஸ்பத்திரியில வச்சுப் பாத்தாங்க. உயிர் இருக்கு, அல்ஹம்துலில்லாஹ். நெஞ்சு மட்டும் பழைய நெஞ்சில்ல. தொழப் பள்ளிக்கு நடந்து போறதுக்குள்ள ரெண்டு இடத்தில குந்துறார்.

அவர்ட சட்டையும் செருப்பும் எடுக்க நான் பெக்டரிக்குப் போனேன். அந்தப் பை வாசல்ல கிடந்திச்சு, டேப்பில பல் தடம். மனேஜர் அதைத் தூக்கி, கத்தரிக்கோலால நிதானமா வெட்டித் திறந்து பாத்தார்.

"பாத்தீங்களா தங்கச்சி, ஒரு பொட்டுத் துரு இல்ல. சுத்தி வச்சது நல்லதாப் போச்சு."

யா அல்லாஹ்! அந்த நேரம் என்ட கையில மீன் கத்தி இல்லாதது அவர்ட நல்ல காலம்.

கடலுக்குப் போகலாமெண்டா வலை இழுக்க நெஞ்சு வேணும். தோட்ட வேலைக்கும் நெஞ்சு வேணும். எங்கட ஆள் திரும்ப அந்த மெஷின் அறைக்கே போனார். போன முதல் நாள், மீன் வெட்டுறதைப் பாதியில போட்டுட்டு நானும் பின்னால போனேன். வாசல்ல புதுப் பை ரெண்டு தொங்குது. புதுப் பொலித்தீன், புது டேப்.

இந்த முறை கத்தி கையில இருந்திச்சு. மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே இழுவை. மற்றப் பைக்கும் அப்படித்தான். பொலித்தீன உரிச்சு நிலத்தில போட்டேன்.

மனேஜர் ஓடி வந்தார். "என்ன விசரா உங்களுக்கு? உப்புப் பிடிச்சா யார் பொறுப்பு?"

"நான் பொறுப்பு. ஒவ்வொரு நாளும் காய்ஞ்ச துணியால துடைக்கிறேன். இதுல துரு வந்தா என்ட சம்பளத்தில கழியுங்க. அவர்ட நெஞ்சுக்கு யார்ட சம்பளத்தில கழிக்கிற?"

மனுசன் நிலத்தில கிடந்த பொலித்தீனப் பொறுக்கிக்கொண்டு போனார். எங்கட ஆள் தலையக் குனிஞ்சுகொண்டு நிண்டார். வேலை போயிருமெண்டு பயம் அவருக்கு.

வேலை போகல்ல. விடிய வந்ததும் முதல்ல அந்தப் பை ரெண்டையும் துடைச்சிட்டுத்தான் நான் மீனில கை வைக்கிறது. ஒரு பிளேன்டீ குடிச்சு முடிக்கிற நேரம் கூட ஆகாது. இவ்வளவுதான் வேலை. இதைச் செய்யப் பஞ்சிப்பட்டு, சோம்பேறித்தனத்திலதான் மனேஜர் டேப் சுத்தினார். நான் துடைக்கிற நேரம் சுவருக்கு அங்கால எங்கட ஆள் இருமுறது கேக்கும்.