கேள்வி எண் ஏழு: செம்பூர், மாட்டுங்கா வழியாகத் தாராவிக்கு

இந்த முறை ஊர் பார்க்கப் போகவில்லை. நான் செய்த ஒரு தப்பைப் பார்க்கப் போனேன். அதுவும் ஜூலை மழையில். ஜூலையில் மும்பைப் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள் என்று இதே வலைப்பூவில் முன்பு பெரிய மனுஷி மாதிரி எழுதியவள் நான்தான்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பயணக் கட்டுரை எழுதுவது ஆசைக்கு. எனக்குச் சோறு போடுவது மொழிபெயர்ப்பு. மிக்ஸி கையேடு, பூச்சிமருந்து லேபிள், வங்கிப் படிவம், எது வந்தாலும் செய்வேன். இரண்டு வருடத்துக்கு முன்பு மும்பையில் மார்பகப் புற்றுநோய் ஆராய்ச்சிக்கான ஓர் அறக்கட்டளைக்குக் கேள்வித்தாள் ஒன்றைத் தமிழாக்கிக் கொடுத்தேன். எதை ஆராய்வது, எப்படிக் கேட்பது, வந்த பதிலை என்ன செய்வது என்று அந்த அறக்கட்டளைக்கு வழிகாட்டுவது சில மருத்துவர்கள். நோய் முற்றிய பிறகே பெண்கள் ஏன் ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தத் தாள். ஏழாவது கேள்வி இது: ‘உங்கள் மார்பகத்தில் கட்டி உள்ளதா?’ ஆமாம் என்று டிக் போட்டால் பரிசோதனைக்குக் கூப்பிடுவார்கள். இல்லை என்று போட்டால் தாள் கோப்புக்குள் போய்விடும்.

எனக்கு முன்னால் யாரோ செய்த வரைவில் ‘கழலை’ என்று இருந்தது. அதை அடித்துவிட்டு ‘கட்டி’ என்று போட்டது நான். அகராதித் தமிழ் யாருக்குப் புரியும், மக்கள் பேசும் சொல்லைப் போடுங்கள் என்று ஓரத்தில் ஒரு பாரா உபதேசம் வேறு எழுதினேன். தாராவித் தமிழர்களுக்கு ஹிந்தித் தாளைக் கொடுக்காதீர்கள், தமிழிலேயே கொடுங்கள் என்றும் சேர்த்தேன். அன்றைக்கு ரொம்பப் பெருமையாக இருந்தது.

ஜூன் கடைசியில் அந்த மருத்துவர்களில் மூத்தவரான டாக்டர் விசாலம் போன் செய்தார். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்த பாலக்காட்டுக் குடும்பம். அறுவை சிகிச்சை நிபுணர், அறுபத்தெட்டு வயது. “ஏழாம் கேள்வியிலே ஏதோ பிசகு ஆயிருக்கு. போன்ல பேசற விஷயம் இல்லை. நேர்ல வர முடியுமோ?” என்றார். முடியாது என்று சொல்ல வாய் வரவில்லை.

சென்னையிலிருந்து மாலை 6.20 ரயில், மூன்றடுக்கு ஏசி, எனக்கு ஆனது 1,440 ரூபாய். மறுநாள் மாலை 5.10க்கு லோகமான்ய திலக் நிலையத்தில் இறங்கினேன். ஐம்பது நிமிடத் தாமதம். புனே தாண்டி மலையில் அருவிகள் விழும் என்று எல்லோரும் எழுதுவார்கள். விழுந்தன. நான் கைப்பையிலிருந்த ஏழாம் கேள்வியையே பார்த்துக்கொண்டு வந்தேன். நிலையத்திலிருந்து செம்பூர் மூன்று கிலோமீட்டர்தான், ஆட்டோ 58 ரூபாய். செம்பூர் ஸ்டேஷனுக்குப் பக்கத்து லாட்ஜில் ஒரு நாளுக்கு 1,600. சுவரில் ஓதம், மெத்தையிலும் ஓதம். சன்னல் உள்ள அறை கேட்டு வாங்குங்கள்.

மறுநாள் காலை 9.12க்குச் செம்பூரில் ஹார்பர் லைன் வண்டி. மாட்டுங்காவிலுள்ள கிங்ஸ் சர்க்கிள் போக வடாலா ரோடில் மாற வேண்டும். டிக்கெட் பத்து ரூபாய். குர்லா அருகே தண்டவாளத்தில் தண்ணீர் நின்றதால் வண்டி ஊர்ந்தது. போய்ச் சேர 10.05 ஆயிற்று. கிங்ஸ் சர்க்கிளில் கணுக்கால் அளவுத் தண்ணீர். பூக்கடைக்காரர்கள் கூடையைத் தூக்கி ஸ்டூலில் வைத்துவிட்டு வியாபாரத்தைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு இட்லி 60, காபி 45. காபி நன்றாக இருந்தது என்று சொல்வதில் ஒன்றும் குறைந்துவிடாது.

டாக்டர் விசாலத்தின் கிளினிக்குக்கு மேலே ஓர் அறையில்தான் அவர்கள் கூடுவார்கள். அன்று வந்திருந்தது அவரும், தாள்களின் கணக்கைப் பார்க்கும் மராட்டியரான டாக்டர் குல்கர்னியும். நடந்ததை விசாலம் சொன்னார். தாராவியில் செல்வராணி என்று ஒரு பெண். ஐரோலியில் ஒரு ஐ.டி. கம்பெனி கேன்டீனில் வேலை. ஒரு வருட இடைவெளியில் இரண்டு முறை தாள் கொடுத்தார்கள். இரண்டு முறையும் ஏழாம் கேள்விக்கு ‘இல்லை’. ஐந்து மாதத்துக்கு முன் முதுகுவலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது நோய் மார்பிலிருந்து எலும்புக்குப் போயிருந்தது.

“ஏன்மா இல்லைன்னு போட்டேன்னு கேட்டேன். கட்டி இல்லையே டாக்டர், உருண்டைதானே இருந்ததுங்கறா,” என்றார் விசாலம். “தமிழ்த் தாள் சரிதான்னு கையெழுத்துப் போட்டது நானாக்கும். எனக்குத் தமிழ் பேசத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. நீங்கதான் போன்ல வாசிச்சுக் காட்டினேள், ஞாபகம் இருக்கோ? காதுக்கு நன்னா இருந்தது. சரின்னுட்டேன்.”

எனக்கு ஞாபகம் இருந்தது. ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன்.

குல்கர்னி கெட்ட மனிதர் இல்லை. தமிழ்த் தாள்களை மட்டும் ஒதுக்கிவிடலாம், ஹிந்தியும் மராட்டியும் சரியாக இருக்கின்றன, ஆராய்ச்சி பிழைக்கும் என்றார். அதே பெண்களிடம் திரும்பப் போய் வேறு மாதிரிக் கேட்டால் இரண்டு வருட உழைப்பு கெட்டுப்போகும் என்றும் சொன்னார். நாம் நடத்துவது ஆராய்ச்சி, ஆஸ்பத்திரி இல்லை என்றார். அவர் சொன்னதில் எதுவும் பொய்யில்லை.

“தாளை ஒதுக்கலாம். ‘இல்லை’ன்னு எழுதினவாளை எங்கே ஒதுக்கறது?” என்று என்னிடம் தமிழில் கேட்டுவிட்டு, அதையே ஆங்கிலத்தில் அவருக்கும் சொன்னார் விசாலம். “ஆராய்ச்சி கெட்டா கெடட்டும். ஒவ்வொரு வீடா மறுபடி போகணும்.”

குல்கர்னி நெடுநேரம் தாள்களைப் புரட்டினார். பிறகு, சரி, ஆனால் இந்த முறை வார்த்தை தப்பக் கூடாது, என்ன வார்த்தை என்று என்னைப் பார்த்தார். நான் கழலை, கணு, முடிச்சு, வீக்கம் என்று நாலு சொல்லை வரிசையாகச் சொன்னேன். விசாலம் கையைக் காட்டி நிறுத்தினார். “நீங்களும் நானும் தீர்மானிச்சுதான் இப்படி ஆச்சு. செல்வராணிகிட்டப் போய்க் கேட்டுண்டு வாங்கோ.”

கிங்ஸ் சர்க்கிளிலிருந்து தாராவி தொண்ணூறடி ரோடு மூன்று கிலோமீட்டர். டாக்ஸியில் 65 ரூபாய். டிரைவர் விக்ரோலித் தமிழர். “தோல் பேக் வாங்கவா?” என்று கேட்டார். ஒருவரைப் பார்க்க என்றேன். உடம்பு சரியில்லாதவரா என்றார். எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, “மூஞ்சியப் பார்த்தா பதா சல்தா ஹை. கல்லி உள்ள காடி போவாது, சிக்னல்ல எறங்கிக்கோங்க,” என்றார். முகத்தைப் பார்த்தாலே தெரிகிறதாம், சந்துக்குள் வண்டி போகாதாம். மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணிக் கொடுத்தார்.

சிக்னலிலிருந்து ஏழு நிமிட நடை. சந்தில் இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் குடையை மடக்க வேண்டும். செல்வராணியின் அறை மாடியில், ஏறுவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி. மேலே தலையில் துணி கட்டிக்கொண்டு, வீங்கிய இடது கையைத் தலையணை மேல் வைத்து உட்கார்ந்திருந்தார். நாற்பத்தாறு வயது. நான் பெயரைச் சொன்னேன்.

“ரேவதியா? தாளுக்கு அடில சின்ன எழுத்துல போட்டிருந்துச்சே, மொழிபெயர்ப்பு ரேவதின்னு. அது நீங்கதானா?”

அந்த வரியை எந்த ஊரிலும் எவரும் படித்து நான் பார்த்ததில்லை. ஆமாம் என்றேன்.

“நான் அடி வரைக்கும் வாசிப்பேன்க்கா. கோயில்ல ஞாயித்துக்கெழம பைபிள் நாந்தான் வாசிக்கது. இங்க பொறந்த பிள்ளைகளுக்குத் தமிழ் தடுமாறும்லா,” என்றார். பிறகு நான் கேட்காமலே சொன்னார். “கட்டின்னா என்ன? வலிக்கும், செவக்கும், பழுத்து ஒடையும். எங்க ஊர்ல அதத்தான் கட்டிம்பாக. எனக்குப் புளியமுத்து அளவுல ஒண்ணு உருண்டுக்கிட்டுக் கெடந்துச்சு. ஒரு வலி கெடையாது. தாள்ல கட்டி இருக்கான்னு கேட்டிருந்துச்சு. இல்லன்னு போட்டேன். இல்லாதத இருக்குன்னு எழுதக் கூடாதுல்லா.”

“ரெண்டாவது தடவை?”

“அப்ப நெல்லிக்கா அளவு. அப்பவும் வலிக்கல. அதே கேள்வி, அதே பதிலு.”

அடுத்த அறையிலிருந்து அவருடைய நாத்தனார் ஜெயா டீ கொண்டுவந்தார். பம்பாயில் பிறந்தவர், தமிழ் வாசிக்க வராது. அதனால் அவர் ஹிந்தித் தாளை வாங்கியிருக்கிறார். “அதுல காண்ட் இருக்கான்னு கேட்டிருந்தாங்க. காண்ட்னா முடிச்சு மாதிரிதான? எனக்கு ஒண்ணு இருந்துச்சு. ஹான்னு போட்டேன்,” என்றார். அடுத்த வாரமே கூப்பிட்டுப் பரிசோதித்து, அறுவை சிகிச்சை செய்து, இப்போது வேலைக்குப் போய்வருகிறார். முடிச்சு வலிக்குமா, பழுக்குமா என்று யாரும் யோசிப்பதில்லை.

“அவளுக்கு வந்தது முடிச்சு, எனக்கு உருண்டை, ரெண்டும் வேறன்னு இருந்துட்டேன். அவளுக்குத் தமிழ் வாசிக்க வராது. அதனால பொழச்சா,” என்றார் செல்வராணி. சொல்லும்போது ஜெயாவைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார்.

ரயில் முழுக்க நான் தயார் செய்துவைத்திருந்த வாக்கியம் ஒன்று உண்டு. அதைச் சொல்ல ஆரம்பித்து, பாதியில் ‘மன்னிச்சிருங்க’ என்று மட்டும் சொன்னேன். எனக்கு அழுகை வந்தது. அங்கே உட்கார்ந்து அழ எனக்கு என்ன உரிமை என்று வெட்கமாகவும் இருந்தது.

“மன்னிச்சேன்னு சொன்னா நீங்க நிம்மதியா ரயில் ஏறிருவிய. எனக்கு அப்படி வாயில வரலக்கா,” என்றார். கோபமே இல்லாத குரல். “பேனா கொண்டாந்திருக்கியளா?”

மடியில் தாளை வைத்து, வலது கையால் மெதுவாக எழுதினார். ‘மார்புல வலிக்காத உருண்டை ஏதாவது கைக்குத் தட்டுப்படுதா? புளியமுத்து அளவு இருந்தாலும் சொல்லுங்க.’ வாங்கிப் பார்த்தேன். ‘மார்பில்’, ‘தட்டுப்படுகிறதா’ என்று ஆக்கலாமே என்று பழக்க தோஷத்தில் பேனாவோடு கை போனது.

“திருத்தாதிய,” என்றார்.

கையை எடுத்துக்கொண்டேன். ஐந்து மணிக்குக் கிளம்பி சயான் வரை நடந்தேன். மழை விட்டிருந்தது, ஆனால் குடையை மடக்கத் தோன்றவில்லை.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்குச் சில தகவல். மழைக்காலத்தில் ஹார்பர் லைனை நம்பினால் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்புங்கள். சிமென்ட் தரையில் வழுக்காத ரப்பர் செருப்பு போதும், ஷூ நாறிவிடும். மாட்டுங்காவுக்குள் ஆட்டோ வராது, டாக்ஸிதான். தாராவிக்கு வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். ஆளைப் பார்க்கப் போவதாக இருந்தால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போங்கள். இரண்டு நாளில் சாப்பாடு, உள்ளூர்ப் பயணம், லாட்ஜ் எல்லாம் சேர்த்து எனக்கு 4,300 ஆயிற்று. இன்னொன்று, இது பயணத் தகவல் இல்லை. வலிக்காத உருண்டை தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, ஆனால் அதை அவர்கள்தான் சொல்ல வேண்டும் என்கிறார் டாக்டர் விசாலம்.

அவர் நேற்று மறுபடி பேசினார். வீடு வீடாகப் போகத் தொடங்கிவிட்டார்கள். குல்கர்னியும் ஒரு சந்துக்குப் போனாராம். செல்வராணியால் ஏணியில் இறங்க முடியவில்லை. அதனால் தன் வரிசைப் பெண்களை மேலே வரச் சொல்லி, கேள்வியைத் தானே வாசித்துக் காட்டுகிறார். முதல் நாளில் இரண்டு பேர் ஆமாம் என்றிருக்கிறார்கள். அந்த இருவருமே என் தாளில் ‘இல்லை’ என்று போட்டவர்கள். பரிசோதனை அடுத்த வாரம். செல்வராணிக்கு எப்படி இருக்கிறது என்று கேட்டேன். மருந்தை மாற்றிப் பார்ப்பதாகச் சொன்னார்.

பிறகு, புதுத் தாளின் அடியில் யார் பெயரைப் போடுவது என்று கேட்டார். எழுதியவர் செல்வராணி, அவர் பெயரைப் போடுங்கள் என்றேன்.

“கேட்டேனே. வேண்டாங்கறா. ரேவதி அக்கா பேரே இருக்கட்டும், தப்பா இருந்தா யாருகிட்டக் கேக்கதுன்னு தெரியணும்லா, அப்படின்னா.”

போடச் சொன்னேன்.